ஒரு கோடு தள்ளி

கிளாடிஸ் அக்கா யாரையும் நம்பியதில்லை. கருமத்தம்பட்டியில் ஏற்றுமதிக்காகப் பஞ்சு வைத்த போர்வை தைக்கும் எங்கள் கம்பெனியில் அவர்தான் சூப்பர்வைசர். டீ கொடுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். சர்ச்சில் முழங்காலில் நிற்கும்போதுகூட அவருடைய ஒரு கண் வாசலில் கழற்றிவிட்ட செருப்பின் மேல் இருக்கும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

போர்வையின் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் பட்டிக்கு கிராஸ் பீஸ் என்று பேர். துணியைச் சாய்வாக நாடா நாடாவாக வெட்டி, ஒட்டுப்போட்டு நீளமாக்குவோம். அப்படி வெட்டும்போது மூலைகள் முக்கோணமாக மிஞ்சும். யாரும் துணியைத் திருடிவிடக் கூடாது என்று, அந்த மூலைத்துண்டுகளைச் சாயங்காலம் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம்.

1994 ஆடியில் கோட்டைமேட்டிலிருந்து இஸ்மத் வேலைக்குச் சேர்ந்தாள். புருஷன் இறந்துவிட்டார். ஸ்கூலுக்குப் போகும் மகள் ஒருத்தி. இந்த வேலையை விட்டால் வேறு வழி இல்லை என்று முதல் நாளே என்னிடம் சொன்னாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பட்டியை மட்டும் சுருட்டிக் கொடுத்தாள்.

"ஏனம்மணி, மூலைத்துண்டு எங்க?"

"இதுல மூலை உழுகாதுங்க அக்கா."

அக்கா பட்டியை அளந்தார். எங்களுடையதைவிட நீளம். மிச்சமும் இல்லை, பட்டியும் நீளம் என்றால் பக்கத்து மேசையிலிருந்து துணி எடுத்திருக்கிறாள் என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார். பக்கத்து மேசை என்னுடையது. எனக்கும் சுருக்கென்றது. என் துணியை இரண்டு தரம் மடித்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அதை உரக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"செஞ்சு காட்டறனுங்க" என்றாள் இஸ்மத்.

"நீ செஞ்சா கையில ஏதாச்சும் வித்தை காட்டுவ. நீ சொல்லு, நான் செய்யறேன்."

அவள் சொல்லச் சொல்ல அக்கா செய்தார். சதுரத் துணியைக் குறுக்கே வெட்டி, இரண்டு முக்கோணங்களையும் இடம் மாற்றிச் சேர்த்துத் தைத்தார். சாய்ந்த ஓரத்தை ஒட்டிப் பட்டியின் அகலத்துக்கு வரிவரியாகக் கோடு போட்டார். இனி இரண்டு பக்கங்களையும் குழாய் மாதிரி மூட்ட வேண்டும்.

"நேரா சேக்காதீங்க அக்கா. ஒரு கோடு தள்ளி வெச்சுத் தைங்க."

"ஓரத்தோட ஓரம் சேராம தைக்கறது எந்த ஊரு தையலு? துணியைக் கெடுக்கப் பாக்கறயா?"

முப்பது வருஷத் தையல்காரி. ஓரத்தோடு ஓரம் அச்சாகச் சேர்த்துத் தைத்தார். கோட்டின் மேல் கத்தரியை ஓட்டினார். பட்டி வரவில்லை. துணி தனித்தனி வளையங்களாக மேசையில் விழுந்தது.

"பாத்தீங்களா எல்லாரும்?" என்றார். இஸ்மத்தின் சாப்பாட்டுப் பையைக் கவிழ்த்தார். எலுமிச்சை ஊறுகாய் டப்பா உருண்டது, வேறொன்றும் இல்லை. அப்படியும், "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் அக்காவுக்கு வேலை ஓடவில்லை. மத்தியானம் இன்னொரு சதுரம் எடுத்தார். உதட்டைச் சுழித்துக்கொண்டே ஒரு கோடு தள்ளி மூட்டினார். கத்தரி ஒரு சுற்றை முடிக்கும்போது தானாக அடுத்த கோட்டில் ஏறியது. சுற்றிச் சுற்றி ஒரே பட்டியாக இறங்கிக்கொண்டே இருந்தது. மூலை விழவில்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ ஊடு தெரியுமா சாமியாத்தா?" என்று என்னிடம் கேட்டார்.

இருவரும் பஸ் ஏறினோம். இஸ்மத் வாசலிலேயே நின்றாள். அக்கா சுற்றி வளைக்கவில்லை. "தப்புப் பண்ணிப்போட்டேன், வேலைக்கு வா" என்றார்.

"வாரேனுங்க அக்கா. வேலை எனக்கு வேணுமுங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாளைக்கு அங்க ஒரு கத்தரி காணாமப் போச்சுன்னா, மொதல்ல யாரு பையைக் கவுப்பீங்க?"

அக்கா வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார். இஸ்மத் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வரும்போது பஸ் சித்ரா ஸ்டாப்பைத் தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"'உன் பையை இல்லை'ன்னு அவகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சாமியாத்தா" என்றார். "வாய் வரலையே."