பலகையின் அடிப்பக்கம்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் திருடன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். அதுவும் எங்கே? சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் மன்றத்தில், நாற்பது பேர் முன்னிலையில், நான் என் கையால் செய்த கேரம் போர்டைச் சுற்றி நின்றுகொண்டு!

செம்பவாங் அணிக்கும் எங்களுக்கும் இறுதிப் போட்டி. ஜெயித்தது நாங்கள். கோப்பையை வாங்கக் கை நீட்டும் நேரத்தில் எதிர் அணித் தலைவர் தங்கராசு எழுந்தார்.

"காய் பாக்கெட் வாசல் வரைக்கும் போகுது, அங்கயே நின்னுடுது. போர்டு நடுவுல பள்ளம் லா. ஒரு மாசமா இதுலயே ஆடிப் பழகின உங்களுக்கு அது தெரியும். எங்களுக்குத் தெரியுமா?"

பிறகு, போர்டின் சட்டத்தில் நான் அழகாக எழுதியிருந்த என் பெயரைத் தட்டிக் காட்டினார். "செஞ்சதும் உங்க ஆளுதானே?"

நானா? நானா பள்ளம் வைத்தேன்?

ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். பள்ளம் இருந்தது. நடுவில் ஒரு காசு தாராளமாக நுழைந்தது. என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

என் பின்னறைத் தச்சுவேலையைப் பற்றி எழுதி உங்கள் பொறுமையைப் பலமுறை சோதித்திருக்கிறேன். இந்த ஊர் ஈரத்தோடு நான் போடும் சண்டை உங்களுக்குத் தெரியாததா? டிசம்பர் மழையில் தீக்குச்சிகூடப் பற்றாது, பெட்டிக்குள் வைத்த செருப்பில் பூஞ்சை பூக்கும். அப்படிப்பட்ட ஊரில் பிளைவுட்டைப் பழைய அலமாரிக்குள் செங்கல் மேல் நிறுத்தி, கீழே நாற்பது வாட் பல்பு ஒன்றை இரவு பகலாக எரியவிட்டு, ஒன்றரை மாதம் காய வைத்தவன் நான். பின்னறையில் ஈரத்துணி காயப் போடக் கூடாது என்று வீட்டில் சட்டமே போட்டேன்.

அதற்கு என் மனைவி சரோஜா சொன்னது: "பலகைக்கு விளக்கு, எனக்கு ஈரச் சேலை. நானும் மரமாப் பொறந்திருக்கலாம்."

இவ்வளவு செய்தும் பள்ளமா? யாரோ கெடுத்திருக்க வேண்டும். மன்றச் செயலாளர் ராமையாவைப் பிடித்தேன்.

"போர்டை எங்கய்யா வெச்சிருந்தீங்க?"

"உள்ளதாண்ணே. தண்ணிப் பைப்பு பக்கத்துச் செவுத்துல சாச்சு வெச்சேன். காத்தோட்டமா இருக்கட்டும்னு..."

காற்றோட்டமாம்! வந்ததே எனக்குக் கோபம்... விளக்குமாற்றைக்கூட உம்மை நம்பி ஒப்படைக்க முடியாது என்று கத்தினேன். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை. செம்பவாங்காரர்கள் யாருக்கும் கை கொடுக்காமலே பஸ் ஏறினார்கள்.

திங்கட்கிழமை மாலை போர்டை வீட்டுக்குத் தூக்கி வந்து, பின்னறை மேசையில் குப்புறப் போட்டு, ராமையாவைத் திட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். துணி வாளியோடு வந்த சரோஜா அதன் மேல் கையை ஓட்டினாள்.

"மேல கண்ணாடி மாதிரி இருக்கு. இங்க ஏன் சொரசொரன்னு இருக்கு?"

"மேல அஞ்சு கோட் வார்னிஷ் அடிச்சேன். இது அடிப்பக்கம். யார் பாக்கப் போறாங்க?"

"யாரும் பாக்க வேணாம். ஈரம் ஏறாதா? ஒரு பக்கம் மட்டும் காஞ்சா வடாம்கூட வளைஞ்சுக்குது. திருப்பிப் போடாம விடுவேனா நான்?"

நானும் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன்.

மேல்பக்கம் ஐந்து பூட்டு. அடிப்பக்கம் கதவே இல்லை. ஒரு மாதமாக அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து உப்பியிருக்கிறது. நடுப்பலகையைக் கீழே இழுத்திருக்கிறது. ராமையாவின் சுவர் அதைக் கொஞ்சம் சீக்கிரம் செய்தது, அவ்வளவுதான். இந்த ஊரில் எந்தச் சுவரில் சாய்த்தாலும் இதே கதிதான்.

கோபம் தணிந்ததா? இல்லை, ஆளை மாற்றிக்கொண்டது. கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தைப் பளபளக்க வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று பெயரை எழுதிக்கொள்ளும் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? ஆண்டுவிழா மேடைக்கு ஜரிகைத் திரை கட்டுகிறோம் — மேடையின் கால் ஆடுகிறதா என்று எவன் குனிந்து பார்க்கிறான்? அடிப்பக்கம் யாருக்கு என்று கேட்ட எனக்கு, அடுத்தவர் மேல் பாய மட்டும் என்ன யோக்கியதை?

மறுநாள் ராமையா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கண்ணே" என்று காப்பி கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

வியாழக்கிழமை, மன்றத்தில் சொல்லிவிட்டு, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு செம்பவாங்குக்கு பஸ் ஏறினேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தங்கராசு கோப்பையைத் தொடவில்லை.

"இது இப்போ யாருக்கும் வேணாம். புது போர்டு செய்ங்க, மறுபடி ஆடுவோம். போட்டி வரைக்கும் போர்டு எங்ககிட்ட இருக்கட்டும், நாங்களும் பழகணும்லா."

நியாயம்தானே?

புது போர்டு தயார். பின்னறையில் சரோஜாவின் ஈரச் சேலை சொட்டிக்கொண்டிருக்கிறது, ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை. இரண்டு பக்கமும் ஐந்தைந்து கோட் வார்னிஷ் அடித்தாயிற்று.

என் பெயரை இந்த முறை அடிப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.