இருபத்தொன்றாம் பார்ட்டைக் கேட்காத மீனாட்சி அக்கா

மீனாட்சி அக்கா போய்விட்டார். இன்று விடியற்காலை. ஜுரம்தான்... இறங்கவே இல்லை.

படகுத்துறையில் ஜெட்டி கேட் பக்கம் அப்பம் சுட்டு விற்பாரே, அவரேதான்.

வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டுகிறேன். போகிறவர் வருகிறவர் படிக்கட்டும். நான் ஸ்கூலைப் பாதியில் விட்டவன், அழகாக எல்லாம் எழுத வராது.

அக்காவை எங்களுக்கு நெருக்கமாக்கியது அப்பம் இல்லை. கதை. மெட்ராஸிலிருந்து கப்பலில் பார்ட் பார்ட்டாக வருகிறதே அந்த மாயக் கதை... நாங்கள் கோபுரக் கதை என்போம்.

எழுதுகிறவர் நிறுத்தவே மாட்டார். ஒரு ராட்சசன் செத்தால் அவன் தம்பி வருவான். தம்பி செத்தால் மாமன்.

புக்கை யார் வாங்கினாலும் தனியாகப் படிக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். காலையில் சரக்குக் குடவுன் மணி அடிக்கும் முன்னே, அக்காவின் அடுப்புப் பக்கத்தில் நின்று நான் சத்தமாகப் படிக்க வேண்டும். மற்றவர்கள் அப்பம் தின்றபடி கேட்பார்கள். சண்டையும் போடுவார்கள்.

குடவுனில் கணக்கு எழுதும் கிராணி காசிம் பாய்க்கு ஆசிரியர் மேல் எப்போதும் கோபம். "ஒரு குகைக்குள்ள போனான்னா, வெளிய வர்றதுக்குள்ள மூணு கப்பல் வந்துடுதுலா" என்பார்.

தொங்கான் படகில் மூட்டை ஏற்றும் வேலுவுக்கு வாள் சண்டை இருந்தால் போதும். ராட்சசர்கள் எல்லாருக்கும் ஒரே மூஞ்சி, பேர்தான் வேறு என்பது என் கட்சி. அப்படியும் கப்பல் வந்தால் புத்தகக் கடைக்கு முதலில் ஓடுகிறவன் நான்தான்.

அக்காவுக்கு ராட்சசர்களைப் பற்றிக் கவலையே இல்லை. கோபுரத்து உச்சியில் ஒரு ராணியை அடைத்து வைத்திருந்தார்கள். அவள் எப்போது இறங்குவாள்... அது ஒன்றுதான். புக்கைப் பிரிக்கும் முன்பே, இறங்கிவிட்டாளா என்று கேட்பார். இல்லை என்றால் எனக்கு ஓரம் கருகிய அப்பம்தான்.

ஒரு தடவை அட்டையில் நம்பர் பார்க்காமலே படித்தேன். ராணி அரண்மனை வாசலில் நின்று ராஜாவைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். போன தடவை கோபுரத்தில் இருந்தவள்!

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மாயக் கதைதானே. மந்திரத்தில் இறங்கியிருப்பாள், இந்த ஆள் எதையும் செய்வார் என்று காசிம் பாய் முடித்துவிட்டார்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மந்திரமும் இல்லை மண்ணும் இல்லை, சேலையைக் கிழித்து முடிச்சுப் போட்டு அவளே இறங்கியிருப்பாள் என்றார். எங்கே முடிச்சு, எந்தக் கல்லில் கால் வைத்தாள், எல்லாம் சொன்னார். பார்த்து வந்தவர் மாதிரி. அன்றைக்கு யாரிடமும் காசு வாங்கவில்லை.

அடுத்த கப்பல் வந்தபோதுதான் தெரிந்தது. நான் படித்தது இருபத்திரண்டு. இருபத்தொன்று புத்தகக் கட்டிலிருந்து விடுபட்டு, இந்தக் கப்பலில்தான் வந்திருக்கிறது.

பிரித்தேன். அக்கா கரண்டியை நீட்டி மறித்தார்.

"வேணாம் தம்பி. அதைப் படிக்காதே."

வேலு சும்மா இருப்பானா. ராஜாதான் வந்து தூக்கியிருப்பான், பொம்பளை தனியாக எப்படி இறங்குவாள் என்று சிரித்தான்.

புருஷனிடம் அடி வாங்கியது போதும் என்று கடலுக்கு அக்கரையில் பத்து காவான் எஸ்டேட்டை விட்டு வந்தவர் அக்கா. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்றைக்கு மீதியையும் சொன்னார். சட்டியில் அப்பம் கருகிக்கொண்டிருந்தது...

"நான் வந்தப்பவும் இந்த ஊரு இதைத்தான் கேட்டுச்சு. எவன் கூட்டியாந்தான்னு. எவனும் கூட்டியாரல. நானே நடந்தேன், நானே படகேறுனேன். இத்தன வருசமா ஒருத்தரும் நம்பல."

வேலு தலையைக் குனிந்துகொண்டான். குடவுன் மணி அடித்தும் யாரும் நகரவில்லை.

இருபத்தொன்றைக் காசிம் பாய் ரூமில் வைத்துப் படித்தோம். ராஜா பறக்கும் குதிரையில் வந்து ராணியைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாளாம்.

யாருக்கும் பிடிக்கவில்லை. வேலுவுக்குக்கூட. ஜெட்டி பக்கம் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அவன்தான் முதலில் சொன்னான். அதற்கப்புறம் எத்தனையோ பார்ட் வந்துவிட்டது... ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கஞ்சி எடுத்துக்கொண்டு அக்கா ரூமுக்குப் போனேன். முகம் சுருங்கிக் கிடந்தது. உட்காரச் சொன்னார்.

"அந்த இருபத்தொண்ணுல என்னதான்டா இருந்துச்சு?"

நான் யோசிக்கவில்லை. "தானாத்தான் எறங்குனா அக்கா. சேலையில முடிச்சுப் போட்டு."

என்னையே பார்த்தார். "அடி பட்டுச்சா?"

"கால்ல லேசா."

"படும். அவ்வளவு உசரம்ல."

நம்பினாரா... தெரியாது. இரண்டு வாய் கஞ்சி குடித்தார். உப்பு பத்தவில்லை என்றார். அப்புறம் தூங்கிவிட்டார்.

இன்று மத்தியானம் மூன்று மணிக்கு எடுக்கிறோம். குடவுன் ஆட்கள் கிராணியிடம் சொல்லிவிட்டு வாருங்கள், காசிம் பாய் யாரையும் தடுக்க மாட்டார், அவரே வருகிறார். முன்னால் தோள் கொடுப்பது வேலு. அவனாகக் கேட்டான்.

போய் வாருங்கள் அக்கா. தனியாகப் போவது உங்களுக்குப் புதிதில்லை.