முழுக்கைச் சட்டையில் ஓடிய தேவகி

தேவகி பழவேற்காட்டு ஏரிக்கரைப் பெண். விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா நாகம்மாளோடு சேற்றுத் தண்ணீரில் இறங்கி, பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு எறா, அதாவது இறால், தடவிப் பிடித்தவள். அவளுக்கு வெயில் ஆகாது என்று யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

எண்பத்து மூன்றில் பொன்னேரியில் கல்லூரிக்குப் போனாள். கால்களில் நல்ல வேகம். விளையாட்டு ஆசிரியர் லோகநாதன் மாவட்டப் போட்டிக்கு அவளைத் தயார்செய்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும், மரமே இல்லாத மைதானத்தில், அரைக்கைப் பனியனோடு பயிற்சி. மாசி பிறந்ததும் அவள் கழுத்தும் கைகளும் சிவந்து தடித்தன. அரிப்பு தாங்கவில்லை.

நாகம்மாள் அதை அம்மை என்று முடிவுகட்டி, வேப்பிலை பரப்பித் தனியே படுக்கவைத்தாள். தடிப்பு அடங்கியது. அதற்குள் போட்டியும் முடிந்துபோனது. தேவகி சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். மறுபடி மைதானத்தில் இறங்கிய அன்றே தடிப்பு திரும்பி வந்தது.

"அம்மை இப்படியா போய்ப் போய் வரும்?" என்று அவள் கேட்க, அப்பா வேலு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் பார்த்தார். துணி மூடிய இடத்தில் ஒரு தடிப்பும் இல்லை. "வெயில்தான்" என்றார்.

"இன்னா சார், ஏரியிலயே வளந்த பொண்ணு!"

"ஏரியில என்ன போட்டுக்கிட்டு இறங்குவா?"

வேலு யோசித்தார். தலையில் துண்டு, பாவாடைமேல் அவருடைய பழைய முழுக்கைச் சட்டை. டாக்டர் சிரித்துவிட்டு, முகத்துக்கும் கழுத்துக்கும் வெள்ளைக் களிம்பு ஒன்று எழுதிக்கொடுத்தார்.

மறுநாள் அப்பாவின் சட்டையும் வெள்ளை மூக்குமாக தேவகி மைதானத்துக்கு வந்தாள்.

"இன்னாடி, கூத்துல வேஷமா?" என்றாள் கூட ஓடும் ஜொஹரா. எல்லாரும் சிரித்தார்கள்.

"வெயிலுக்குப் பயந்தவ வீட்ல இருக்கணும்" என்றார் லோகநாதன்.

"வீட்ல இருந்துதான் சார் போட்டி போச்சு" என்று சொல்லிவிட்டு ஓடத் தொடங்கினாள். அவமானத்தில் முதல் சுற்று முழுக்கத் தலை நிமிரவில்லை. ஆனால் அன்று தடிக்கவில்லை.

அந்த வாரமே ஜொஹரா குழாயடியில் அவளைத் தனியாகப் பிடித்தாள். பின்கழுத்தில் தோல் உரிந்திருந்தது. "சோப்பு மாத்தி மாத்திப் பாத்துட்டேன். அந்தக் களிம்ப கொஞ்சம் குடுடி."

பிறகு இன்னும் சிலர் கேட்டார்கள். அடுத்த ஆண்டு லோகநாதன் பயிற்சியைக் காலைக்கு மாற்றினார். பழவேற்காட்டுப் பெண்கள் முதல் பஸ்ஸைப் பிடிக்க அல்லாடினார்கள். தேவகி அந்த ஆண்டு மாவட்டப் போட்டியில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். முதலிடம் தவறியதில் அவளுக்கு வெகுநாள் வருத்தம்.