முகம் இல்லாத பக்கம்

ஐம்பதைத் தொட இரண்டு வருடம் இருக்கும்போது கம்பெனி எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. கல்கத்தாவில், பாலிகஞ்சில் எங்கள் தரைத்தள வீட்டில் ஓர் ஆண் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தால் எப்படியிருக்கும் என்று என் மனைவிக்கு ஒரே வாரத்தில் தெரிந்துபோயிற்று. அடுத்த வாரம் டாக்டர் எனக்குச் சர்க்கரை என்றார்.

சாதாரண ஆட்களும் டாலரை முன்பேரமாக வாங்கி விற்கலாம் என்று நம் நாட்டில் அனுமதி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் எதையும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்கிற ஆள். நீச்சலைக்கூட அப்படித்தான் கற்றேன், தண்ணீரில் இறங்கியதில்லை. நான்கு புத்தகம் வாங்கினேன். நான்கும் ஒன்றையே சொல்லின: மூன்று மாதம் நோட்டில் எழுதி மட்டும் பழகு. பிறகு ஒரே ஒரு லாட், அதாவது ஆயிரம் டாலர், சிறு முன்பணம் கட்டினால் போதும். வாங்கும் முன்பே, எவ்வளவு நஷ்டத்தில் வெளியேறுவாய் என்று எழுதி வை. இவ்வளவு கோழைத்தனத்துக்கு அச்சில் மரியாதை கிடைத்ததில் எனக்குப் பரம திருப்தி.

அடுத்த அறையில் என் மனைவியும் பழகிக்கொண்டிருந்தாள். வட்டமான அலுமினிய ஓவனில், எனக்காக, சர்க்கரை குறைத்த ப்ரௌனி. எங்கள் வீட்டில் முட்டை கிடையாது என்பதால் பறங்கிக்காயை வேகவைத்து மசித்துப் போடுவாள். சில நாள் பீட்ரூட். ஒரு நாள் சுரைக்காய். அது கடைசிவரை சுரைக்காயாகவே இருந்தது. பீட்ரூட் ப்ரௌனிதான் சிறப்பு. மேலே கறுப்பு. பிட்டால் உள்ளே ஈரமாக, சிவப்பாக, வெளியே காட்டக்கூடாத ஏதோ ஒன்றைப் போல இருக்கும்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்து கேன்டீனில் அதைத் தின்று பார்த்துவிட்டு, துர்கா பூஜை விடுமுறைக்குப் பிறகு தினம் அறுபது வேண்டும் என்றார்கள். எங்கள் ஓவனில் ஒரு முறைக்கு ஒன்பதுதான் வேகும். சாந்தினி மார்க்கெட்டில் ஒரு கடையில் பெரிய ஓவனுக்கு முன்பணம் கொடுத்தோம். மூன்று வாரத்தில் வரும், வந்ததும் பாக்கி. அதற்கென்று அவள் பத்து வருடம் டியூஷன் எடுத்துச் சேர்த்த டெபாசிட் முதிர்ந்து எங்கள் கூட்டுக் கணக்கில் வந்து உட்கார்ந்தது. அதாவது, என் கைக்கு எட்டும் தூரத்தில், நான் இருக்கும் அறையில்.

மேல்மாடியில் வீட்டுக்கார அம்மாள். தெருவே அவரை மாஷிமா, அதாவது சித்தி, என்னும், நாங்களும் அப்படியே. கணவர் போய் ஏழு வருடம். அங்கே விதவைகளின் வழக்கப்படி அவர் முட்டை, வெங்காயம் எதுவும் தொடமாட்டார். ஆகவே கடையில் விற்கும் எந்த கேக்கும் அவருக்கு ஆகாது. என் மனைவியின் காய்கறி ப்ரௌனி ஆகும். முழங்கால் வலியால் அவர் படியிறங்குவதில்லை. வராந்தாவிலிருந்து கயிற்றில் ஒரு துணிப்பை இறங்கும். எவர்சில்வர் டப்பாவை அதில் வைத்துக் கயிற்றை இருமுறை இழுத்தால் பை மேலே போகும். மறுநாள் நான்கு மணிக்கு டப்பா திரும்பி வரும். கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. இரண்டு தேங்காய் உருண்டை, அல்லது ஒரு கொய்யா, அடியில் அளவாக வெட்டிய செய்தித்தாள்.

பகலில் மின்சாரம் போய் ஃபேன் நின்றால், அந்தத் தாளை வெட்டும் கத்தரிக்கோல் சத்தம் கூரை வழியே கேட்கும். நிதானமாக, நான்கு வெட்டு. அவ்வளவுதான்.

ஒரு நாள் உருண்டையைத் தின்றுவிட்டு அந்தத் தாளைப் பார்த்தேன். ஏழு வருடப் பழைய தாள், அந்நியச் செலாவணிப் பக்கம். டாலர் நாற்பத்தெட்டு ரூபாய் சொச்சம். இடையில் நாற்பதுக்கும் கீழே போய்விட்டு இப்போது டாலர் மறுபடி அங்கேதான் நின்றது. வேடிக்கையாக இருக்கிறதே என்று வைத்துவிட்டேன். மறுநாள் ஐந்து மணிக்குச் சந்தை மூடியபோது, என் கம்ப்யூட்டர் திரையில் இருந்தது அதே எண். இரண்டு காசு முன்னே பின்னே.

அன்றைய டப்பாவிலும் அதே பக்கம், அடுத்த தேதி. அதற்கடுத்த மாலை, திரையில் அந்தத் தாளின் எண்.

நான் படித்தவன். தற்செயல் என்பதைப் பற்றி எனக்கு ஒரு மணி நேரம் பேசத் தெரியும். என் நோட்டில் இடது பக்கம் என் யோசனைகளையும் வலது பக்கம் டப்பாவின் எண்களையும் எழுதிவந்தேன். இரண்டு வாரத்தில் இடது பக்கம் திவாலாகிவிட்டது. வலது பக்கம் ஒரே ஒரு நாள்தான் தவறியது. அன்று எண்ணெய்க் கறையில் எண்ணை நான்தான் தப்பாகப் படித்திருந்தேன்.

அதற்குப் பிறகு நாலு மணி ஆனால் ஜன்னலோரம் நிற்கத் தொடங்கினேன். பை சத்தமில்லாமல் இறங்கும். மேலே நிமிர்ந்தால் கயிறு மட்டும் தெரியும், பிடித்திருக்கும் கை தெரியாது. தாளில் நாப்தலின் வாசனை. செத்துப்போனவர் வாங்கிய தாள் என்ற நினைப்பு வராமல் இல்லை. வந்ததும் அதைத் தள்ளிவிட்டுக் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்ப்பேன்.

ஓவன் வர எட்டு நாள் இருந்தபோது, ஒரு லாட் என்ற விதியைப் பத்து லாட் என்று திருத்தி, அந்த டெபாசிட்டிலிருந்து பணத்தை எடுத்துப் போட்டேன், மனைவியிடம் சொல்லாமல். எவ்வளவு நஷ்டத்தில் வெளியேறுவது என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. நாளைய விலை தெரிந்தவனுக்கு அது எதற்கு? முதல் நாள் லாபம். இரண்டாம் நாளும். மூன்றாம் நாளுக்கென்று முந்தைய மாலை வந்த தாள் டாலர் நன்றாக ஏறும் என்றது. ஏறியது. விற்கவில்லை, நாலு மணித் தாளையும் பார்த்துவிடுவோம் என்று காத்திருந்தேன்.

பை இறங்கியது. டப்பாவைத் திறந்தேன். வெறும் எவர்சில்வரில் இரண்டு உருண்டை. தாள் இல்லை.

உருண்டைகளை எடுத்துவிட்டுத் தேடினேன். மூடியின் உள்பக்கம் பார்த்தேன். பையை உதறினேன். உள்ளே திரும்பியபோது திரையில் டாலர், நேற்றைய தாள் சொன்ன எண்ணையும் மீறி, இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளில் வந்த லாபம் நான் படியேறும் முன்பே போய்விட்டது.

மாதக்கணக்கில் நான் மேலே போனதில்லை. மாஷிமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார், மடியில் கத்தரிக்கோல். சுவரோரம் சணல் கயிறுகள் சுருட்டி அடுக்கியிருந்தன. பேப்பர்க் கட்டு ஒன்றுகூட இல்லை. அவர் பேசியது வங்காள மொழியில், தமிழ் என்னுடையது, மகனே என்கிற 'பாபா' மட்டும் அவருடையது.

"என்ன பாபா, உருண்டை டப்பாவுல ஒட்டிக்கிச்சா?"

"இல்ல மாஷிமா. பேப்பர் இல்லியேன்னு..."

"தீந்துபோச்சு. அவர் மாசவாரியா கட்டி வெச்சது. எடைக்குப் போட மனசு வரல, தினம் ஒண்ணா செலவழிச்சேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுல யாரு பேப்பர் வாங்கினா?"

"எப்பவும் அந்தப் பக்கத்தையே ஏன் வெட்டினீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மத்த பக்கத்துல எல்லாம் மனுஷங்க மூஞ்சி இருக்கே. மூஞ்சி மேல யாராவது சாப்பாட்ட வெப்பாங்களா? அது ஒண்ணுலதான் வெறும் எண்ணு."

நான் அசடு வழியச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டினார். அதன் மேல் மடித்த செய்தித்தாள் ஒன்று, ஓரத்தில் டீக் கோப்பையின் வட்டக் கறை.

"இன்னும் ஒண்ணு இருக்கு. அன்னிக்குக் காலைல வந்தது. மேல் தாள் மட்டும் படிச்சாரு. டீ கேட்டாரு. நான் கொண்டுவர்றதுக்குள்ள..." கத்தரிக்கோலை எடுத்தார். "உனக்கு வேணும்னா வெட்டித் தரேன்."

நாளைய டாலர் எட்டடி தூரத்தில் மடித்துக் கிடந்தது. வேண்டும் என்ற சொல் என் வாய்வரை வந்துவிட்டது. இதை எழுதும்போது அழகாகத் திருத்திக்கொள்ள ஆசைதான், ஆனால் வந்துவிட்டது. மாஷிமா ஏற்கெனவே எழுந்திருக்க ஆரம்பித்திருந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. ஏழு வருடம் யாரும் தொடாத தாளை, நான் கேட்பதற்கு முன்பே எனக்காக வெட்டக் கிளம்பியிருந்தார். எந்தப் பக்கம் என்றும் அவர் கேட்கவில்லை. நான் கதவுப் பக்கம் பின்வாங்கினேன்.

"வேண்டாம் மாஷிமா."

"வேண்டாமா?" குரலில் ஏமாற்றம்.

கீழே ஓடிவந்து பத்து லாட்டையும் விற்றேன். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. மனைவியின் டெபாசிட்டில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது.

என் மனைவி பீட்ரூட் துருவிக்கொண்டிருந்தாள், மணிக்கட்டுவரை சிவப்பு. எல்லாவற்றையும் சொன்னேன். துருவுவது நிற்கவில்லை.

"எவ்ளோ?"

சொன்னேன்.

"ஏன்னா, செத்துப்போனவா பேப்பரப் பாத்து வாங்கலாம்னு அந்த நாலு புஸ்தகத்துல எதுல போட்டிருந்துது?"

"எதுலயும் இல்ல."

"நல்லவேளை. இருந்திருந்தா பத்து லாட் எதுக்கு, மொத்தத்தையும் போட்டிருப்பேள்." அப்புறம் துருவியைக் கீழே வைத்தாள். "பத்து வருஷம்னா அது. தினம் நாலு பசங்களோட மல்லுக்கட்டி..."

கம்ப்யூட்டரை விற்று, என் கைக்கடிகாரத்தையும் விற்றுப் பாக்கியைக் கட்டினோம். ஓவன் சொன்ன தேதியில் வந்தது. அவள் மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. ஒரே ஒரு உத்தரவு போட்டாள்: "டப்பாவ இனிமே நீங்களே கைல எடுத்துண்டு போய்க் குடுங்கோ. கயிறெல்லாம் வேண்டாம்."

மறுநாளே போனேன், நாலு மணிக்கு. மாஷிமா என்னை உட்காரச் சொன்னார். இருந்தது ஒரே நாற்காலி. அதன் மேலிருந்த செய்தித்தாளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என் முழங்காலிலிருந்து ஒரு சாண் தூரம். ப்ரௌனியைச் சின்னச் சின்னதாகப் பிட்டுத் தின்றார். விரல் நுனிகள் சிவந்தன. நான் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டேன், பூஜைக்கு மகள் வருவாளா என்று கேட்டேன். கண் மட்டும் அந்த மடிப்பிலேயே போய் நின்றது. என் கையில் ஒரு லாட்கூட இல்லை. இருந்தும் அந்த எண் தெரிந்தே ஆகவேண்டும் என்று உடம்பு முழுக்க ஒரு நமைச்சல்.

ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். அந்த அறையில் கடிகாரம் கிடையாது, என்னுடையதையும் விற்றாயிற்று. டாலர், சந்தை என்று ஒரு வார்த்தை நான் அவரிடம் சொன்னதில்லை. மாஷிமா கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, தாளை மெல்லத் தட்டினார்.

"அஞ்சாயிடுச்சு பாபா," என்றார். "இனிமே நீ போகலாம்."