வாய் நிறையப் போல்ட்டு

எங்கள் கேரவனுக்குள் யாராவது புரண்டு படுத்தாலே அது படகு மாதிரி ஆடும். இனியும் ஆடினால் கடற்கரைக்கு வரமாட்டேன் என்றாள் மனைவி. நான்கு மூலைகளிலும் நிலத்தில் ஊன்றும் ஜாக் பூட்ட, சட்டன் என்ற ஊரிலிருந்து ஒருவர் வந்தார். காதை மூடிய கம்பளித் தொப்பி, வாய் நிறையப் போல்ட்டுகள். எதைக் கேட்டாலும் புருவம்தான் பதில்.

கடைசியில் போல்ட்டுகளைக் கையில் எடுத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, உள்ளுக்குப் போய்க் குதியுங்கோ. ஆடுதோ எண்டு பாப்பம்."

மூச்சு வாங்கக் குதித்துவிட்டு வெளியே வந்தேன். அவர் என் மனைவியோடு நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஆடினதோ?"

"அது அப்பவே நிண்டிட்டுது, அண்ணை."

"பிறகேன் குதிக்கச் சொன்னியள்?"

"அக்காதான் சொல்லச் சொன்னவ."

கேரவன் இப்போது அசைவதேயில்லை. வாய் நிறையப் போல்ட்டோடு அந்த மனுசன் என் மனைவியுடன் எப்போது பேசினார் என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.