பெரியப்பாவா சித்தப்பாவா

நியூ பாவ்கென் அசையாமல் நின்றான் என்றால் குருவி வந்து தலையில் கூடு கட்டி, முட்டையிட்டு, பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் போகும். சீனாவில் லிண்டாங் என்ற ஊரில் மண்ணுக்கடியிலிருந்து தோண்டியெடுத்த களிமண் படையைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் கடைத்தெருவில் இவனைத்தான் முதலில் பார்ப்பார்கள். தலை முதல் கால் வரை மண்சாயம், அட்டைக் கவசம், கையில் ஈட்டி. உள்ளே இருக்கிற சிப்பாய்களில் ஒருவன் கழிப்பறைக்கு வழி தெரியாமல் வெளியே வந்துவிட்டான் என்றே நினைப்பார்கள். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு சில்லறை போடுவார்கள். பிழைப்பு அதுதான்.

அன்று காலை சிப்பாயின் ஈட்டி நிலையாக நிற்கவில்லை.

"ஏய் எருது, காத்தே இல்ல, ஈட்டி மட்டும் ஏன்டா ஆடுது?" என்றாள் எதிரே மாதுளைச்சாறு பிழிகிற சாய்லியன். நியூ என்றால் எருது. அப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் கிண்டலுக்குத் தப்ப முடியாது.

"இன்னிக்கு வர்றாக்கா."

"தெரியும்டா. நாப்பதாயிரம் தடவ சொல்லிட்ட. என் மாதுளங்காய்க்குக்கூட மனப்பாடம் ஆயிருச்சு."

வருகிறவள் அவன் மகள் சியாவ்மான். மூன்று வயதில் போனவள். புருஷன் பெண்டாட்டி பிரிந்ததும் அவள் அம்மா வேறொருவனைக் கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். மகள் இப்போது அங்கே கல்லூரியில் படிக்கிறாள். கூடப் படிக்கிறவர்களோடு பெருஞ்சுவர், பெய்ஜிங் அரண்மனை எல்லாம் சுற்றிவிட்டு இன்று இங்கே வருகிறாள் என்று அம்மா வழிச் சொந்தக்காரி ஒருத்தி படத்தோடு செய்தி அனுப்பியிருந்தாள்.

"நான்தான் உங்கப்பான்னு சொல்லிருவேன்க்கா. அவ வாயால ஒரு தடவ அப்பான்னு கேட்டாப் போதும்."

"மொதல்ல மூஞ்சியக் கழுவு. மண்பொம்ம அப்பான்னு சொன்னா, புள்ள ஆஸ்திரேலியாவுக்கு நடந்தே ஓடிரும்."

அவன் கழுவவில்லை. சாயமில்லாத முகத்தோடு அவ்வளவு தைரியம் அவனுக்கு வராது.

மதியம் மஞ்சள் தொப்பிக் கூட்டம் வந்தது. அவளைக் கண்டுபிடிக்கப் படமே தேவைப்படவில்லை. காது இரண்டும் இவன் காது. பலமாகக் காற்றடித்தால் ஆளையே தூக்கிக்கொண்டு போகும். அவள் பக்கத்தில் வந்து நின்றாள். தோழி படம் எடுத்தாள். மூச்சு விட்டால் கலைந்துவிடுவாள் என்பதுபோல் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

மற்றவர்கள் கடைப்பக்கம் போனார்கள். இவள் போகவில்லை. அரைகுறைச் சீன மொழியில் மெல்லக் கேட்டாள்:

"உங்களப் பெரியப்பான்னு கூப்பிடணுமா, சித்தப்பான்னு கூப்பிடணுமா? சாயத்துல வயசு தெரியல."

அந்த ஊர் வழக்கத்தில் முன்பின் தெரியாத ஆம்பளையானாலும், நம் அப்பாவைவிட மூத்தவர் என்றால் பெரியப்பா, இளையவர் என்றால் சித்தப்பா. மாற்றிச் சொன்னால் மரியாதைக்குறைவு. அம்மா நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாள்.

இதைவிட நல்ல வாசல் திறக்காது என்று அவனுக்குத் தோன்றியது. சிலை வாயைத் திறந்தது. "உங்கப்பாவுக்கு என்ன வயசு, கண்ணு?"

"இருந்திருந்தா நாப்பத்தேழு. செத்துட்டாரு. நான் சின்னதா இருக்கும்போதே. அம்மா சொன்னாங்க."

தான் செத்துப்போன செய்தி அவனுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. எதிரே சாறு பிழிகிற சத்தம் நின்றுபோயிற்று.

"வருஷா வருஷம் கல்லறை நாளுக்கு அவருக்குக் காகிதம் எரிப்பேன்," என்றாள் அவள். காகிதத்தில் பணம், வீடு, வண்டி என்று செய்து எரித்தால் அது செத்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்பது அங்கே நம்பிக்கை. "ஒரு தடவ காகிதக் கார் எரிச்சேன். சமையக்கட்டெல்லாம் பொகை. தீயணைப்பு வண்டியே வந்துருச்சு. அம்மா திட்டல, என்னைக் கட்டிப் புடிச்சு அழுதாங்க. முந்தாநாள் பெருஞ்சுவர் உச்சியில நின்னு அப்பான்னு கத்தினேன். எல்லாரும் சிரிச்சாங்க."

அவன் ஆசைப்பட்ட ஒரு சொல் இரண்டு நாள் முன்னால் எங்கோ மலைக்காற்றில் போய்விட்டது. 'நான்தான்' என்பது நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் இவன் பிழைப்பான். ஆனால் அம்மா பொய்க்காரி ஆவாள். அவள் அழுத அழுகையெல்லாம் பொய்யாகும். திரும்பிப் போய் இந்தப் பெண் அதே வீட்டில்தானே இருக்க வேண்டும்? யார் மடியில் தலை வைப்பாள்?

ஒரு மலையை விழுங்குவது இதைவிடச் சுலபம். விழுங்கினான்.

"கார் என்ன கலர், கண்ணு?"

"செவப்பு."

"வந்து சேந்திருக்கும். இந்நேரம் அங்க இருக்கிறவங்க எல்லாரையும் இடிச்சிக்கிட்டு ஓட்டுவாரு."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது.

"என்னைச் சித்தப்பான்னு கூப்பிடு. உங்கப்பாவுக்கு நான் ஒரு வயசு எளையவன்."

"வரேன் சித்தப்பா." குனிந்து வணங்கிவிட்டு ஓடினாள்.

சாய்லியன் ஈரக்கையோடு ஓடிவந்தாள். "பஸ் இன்னும் கெளம்பலடா! ஓடுடா, எருது! சொல்லுடா!"

"செத்தவன் எந்திரிச்சு ஓடினா புள்ள பயந்துரும்க்கா."

பஸ் கிளம்பியது. ஜன்னலுக்கு ஜன்னல் மஞ்சள் தொப்பி. எது அவளுடையது என்று தெரியவில்லை. எல்லாத் தொப்பிக்கும் சேர்த்து அவன் கையாட்டினான்.