கடைமடைக்குப் போய்ச் சேராத செய்தி

மாரிச்செல்விக்கு ஒரு குணம். எது கெட்டுப்போனாலும் எரிச்சல் வராது. ஏன் கெட்டது என்ற குடைச்சல்தான் வரும். வன்னியம்பட்டி வீட்டில் மிக்சி நின்றுவிட்டால் அவள் முகம் மலர்ந்துவிடும். உடனே கழற்றிப் பரப்பிவிடுவாள், அம்மா பாடுதான் திண்டாட்டம். இப்போது ராஜபாளையத்தில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் கணினி நிரல் எழுதுகிறாள். குணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கண்மாய்த் தண்ணீர் யாருக்கு எந்தக் கிழமை என்பதை விவசாயிகளின் செல்போனுக்கு அனுப்பும் நிரல் அவள் எழுதியதுதான். மேலமடை, நடுமடை, கடைசியில் கடைமடை என்பது தண்ணீர் பாயும் வரிசை, செய்தியிலும் அதே வரிசைதான். முதல் செய்தி போன காலையிலேயே அப்பா பால்சாமி போனில் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, மேலமடைக்குத் திங்கக்கெழமைன்னு மட்டும் வந்திருக்கு. எங்களுக்குத் தண்ணி கெடையாதா? கடைமடைக்காரவுக அம்புட்டுப் பேரும் சண்டைக்குக் கெளம்பிட்டாவ!"

அவருடைய நெல்லும் கடைமடையில்தான் வாடிக்கொண்டிருந்தது. "அவுகளச் செத்த நேரம் புடிச்சு நிறுத்துங்கப்பா!" என்றாள்.

முதலாளி கௌதம்ராஜ் பதறினார். "தமிழை இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு அனுப்பிரும்மா. டெஸ்ட்ல இங்கிலீஷ் முழுசாத்தான போச்சு?"

"எங்கப்பாவுக்குத் தமிழ் எழுத்துதான் சார் தெரியும்" என்றாள். ஆனால் அவர் சொன்னது மனதில் கொக்கி போட்டுவிட்டது. இங்கிலீஷ் முழுசாகப் போகிறது, தமிழ் மட்டும் ஏன் வழியில் நிற்கிறது?

தன் போனுக்கே அனுப்பிப் பார்த்தாள். சின்னச் செய்தி, பெரிய செய்தி எல்லாமே வெட்டுப்பட்டன. எதை அனுப்பினாலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. இதென்னடா கூத்து! அதென்ன மூன்று?

அப்புறம்தான் உறைத்தது. கணினிக்குள் இங்கிலீஷ் எழுத்து ஒரு பைட் இடம் பிடிக்கும். தமிழிலோ எழுத்து, கொம்பு, புள்ளி என்று குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். எத்தனை பைட் வருகிறது என்று, செய்தியை வாங்கிப் போன்களுக்கு அனுப்பும் சர்வருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டிய இடத்தில், அவள் நிரல் எத்தனை குறி என்று எண்ணிச் சொல்லியிருந்தது. சொன்ன அளவுக்கு வாங்கிக்கொண்டு சர்வர் கதவைச் சாத்திவிட்டது. நாள் முழுக்கத் தமிழில் வாயடிக்கிறவள், சோதனைக்கு மட்டும் 'ஹலோ' என்று இங்கிலீஷில் அடித்துப் பார்த்திருக்கிறாள்! வெட்கமாகப் போயிற்று. பைட் கணக்காக மாற்றி, மறுபடி அனுப்பினாள்.

அப்பாவைக் கூப்பிட்டாள். "முழுசா வந்திருக்காப்பா?"

"வந்திருக்கு. கடைமடைக்கு வியாழக்கெழமையாம். எல்லாரும் திரும்பிட்டாவ." பிறகு கேட்டார்: "கடைசியில நிக்கிறவனுக்கு எதுவுமே வந்து சேராதுத்தா. ஒன் மெசேஜுமா அப்படி?"

அவள் அனுப்பிய செய்தியைக் கடைசி வரி வரை ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

"இனிமே கடைசி வரியப் பாத்துட்டுத்தாம்ப்பா அனுப்புவேன்."